எப்பொழுது பறிப்பது?

சென்ற கோடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வெண்டைக்காய் காய்த்தது.

"ஒரு வெண்டைக்காய் காய்த்ததற்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். கடையில் வாங்குகிற காய் வேறு. நம் கையால் விதை ஊன்றி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, பூச்சிக்குப் பயந்து, காக்கைக்குப் பயந்து வளர்த்த செடியின் முதல் காய் வேறு. வீட்டில் நாலு தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

விரல் நீளம் இருந்தபோதே அதைப் பார்த்துவிட்டேன். "பாவம், இன்னும் கொஞ்சம் வளரட்டுமே!" என்று விட்டு வைத்தேன். மூன்றாம் நாள் அது சாண் நீளம் ஆயிற்று. கைப்பேசியில் படம் பிடித்து மதுரையிலிருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அண்ணா குடும்பத்தோடு வருவதாக இருந்தார். அவர்களும் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று தோன்றிற்று. வந்தார்கள், மாடிக்கு ஏறினார்கள், பார்த்தார்கள், புகழ்ந்தார்கள். அவர்கள் போன பிறகு அதைப் பறித்து அரிவாள்மணையில் வைத்தேன். காய் நறுங்கவில்லை. அரிவாள்மணைதான் நகர்ந்தது!

அப்பொழுது என் அத்தை எங்களோடு வந்து தங்கியிருந்தாள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாற்பது வருஷம் கொல்லைத் தோட்டம் போட்டவள். கண் நீர் அழுத்த நோயினால் இப்பொழுது பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரியும், அவ்வளவுதான். சமையலறையில் நான் படுகிற பாட்டைக் காதால் கேட்டுவிட்டு, "இங்கே கொடு" என்று கையை நீட்டினாள். காயின் நுனியை வளைத்தாள். அது ஒடியாமல் நார் நாராக வளைந்தது.

"இது கறிக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. இரண்டுங்கெட்டான்" என்றாள்.

"அழகாக இருந்ததே, அத்தை! பறிக்க மனசு வரவில்லை."

"ஏண்டி, செடி உனக்காகவா காய்க்கிறது? விதைக்காகக் காய்க்கிறது. அது என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொண்டு நீ கையை நீட்டணும்."

அன்று முதல் அத்தையைக் கைபிடித்து மாடிக்கு அழைத்துப் போவதும், அவள் தடவித் தட்டி முகர்ந்து சொல்வதைக் கேட்பதும் எனக்கு வழக்கமாயிற்று. பிறகு தோட்டக்கலைப் புத்தகங்களையும் புரட்டினேன். அத்தை விரலால் சொன்னதையே அவை பெரிய பெரிய வார்த்தைகளில் சொல்லுகின்றன. அந்தப் பாடத்தைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

செடியை ஏமாற்றும் கலை

முதலில் பிஞ்சாகப் பறிக்க வேண்டியவை. வெண்டை, கத்தரி, அவரை, கொத்தவரை, பீர்க்கு, புடலை, சுரை, வெள்ளரி எல்லாம் இந்த ஜாதி. இவற்றில் நாம் சாப்பிடுவது முதிராத காயை. உள்ளே விதை கெட்டிப்படுவதற்கு முன்னால் நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

முந்திக்கொண்டால் இன்னொரு லாபமும் உண்டு. விதை முற்றிவிட்டால் செடி, "நம் காரியம் முடிந்தது" என்று இருந்துவிடுகிறது. அதன் பலமெல்லாம் அந்த முற்றின காய்க்கே போகிறது. புதுப் பூ குறைகிறது. பிஞ்சிலேயே பறித்துவிட்டால், "அடடா, காரியம் கெட்டதே!" என்று மறுபடியும் பூக்கிறது. நான் அழகு பார்த்த அந்த ஒரு காய் எனக்கு எத்தனை காய்களை இழக்கச் செய்ததோ!

வெண்டைப் பூ காலையில் மலர்ந்து அன்று மாலையே வாடிவிடும். அதிலிருந்து ஐந்து முதல் ஏழு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வெயில் காலத்தில் காய் வெகு வேகமாக முற்றும். ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் செடியைப் பார்த்தே தீர வேண்டும். இலையிலும் காயிலும் உள்ள சுணை சிலருக்கு அரிப்பைத் தரும். கையை மூடிய ரவிக்கையோ பழைய சட்டையோ போட்டுக்கொண்டு பறிப்பது நல்லது.

பீர்க்கு, புடலை, சுரை மூன்றுக்கும் நகம்தான் தராசு. தோலில் நகத்தை லேசாக வைத்தால் சிரமமில்லாமல் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் காய் முற்றிவிட்டது. முற்றின பீர்க்கங்காயைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். கொடியிலேயே காயவிட்டால் உள்ளே வலை வலையாகக் கூடு கட்டிக்கொள்ளும். தோலை உரித்து, விதையை உதறிவிட்டால், முதுகு தேய்த்துக் குளிக்க முதல் தரமான நார்!

கத்தரிக்காயின் பக்குவம் அதன் பளபளப்பில் இருக்கிறது. எண்ணெய் தடவினாற்போல் மின்னும் வரையில் அது இளசு. மினுக்கு மங்கினால் உள்ளே விதை பழுப்பேறிக் கசப்புத் தட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பெரிதாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பறிக்கும்போது பிடித்து இழுக்காமல் காம்போடு கத்தரிக்கோலால் நறுக்குங்கள். இழுத்தால் காயோடு கிளையும் வந்துவிடும்.

முருங்கைக்காயை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் சாம்பாருக்கு ஆகும். விறைத்து நின்று, மேலே விதைகள் முண்டு முண்டாகத் தெரிந்தால் அது விதைக்குத்தான்.

கீரைக்கு விதி இன்னும் சுலபம். பூப்பதற்கு முன் பறிக்க வேண்டும். பூ வந்துவிட்டால் இலையில் இருக்கும் இளமை பூவுக்குப் போய்விடுகிறது. சிறுகீரை ஏறக்குறைய இருபத்தைந்து நாளில் தயாராகிவிடும். அதை வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். அடியில் கொஞ்சம் விட்டு நறுக்கினால் அது திரும்பத் திரும்பத் தழைக்கும்.

நாக்கு நுனியில் ஒரு துண்டு

இந்த இடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை.

அத்தை எந்தச் சுரைக்காயை நறுக்கினாலும் முதலில் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் குப்பையில் போட்டுவிடுவாள். "ஒரு காயை இப்படி வீணாக்கலாமா?" என்று சிறு வயதில் நினைத்ததுண்டு. அத்தை செய்ததுதான் சரி.

சுரை, வெள்ளரி, பீர்க்கு இவற்றின் குடும்பத்தில் குக்குர்பிட்டசின் என்ற நச்சுப் பொருள் சில சமயம் மிகுதியாக உண்டாகிவிடுகிறது. அதுதான் அந்தக் கடுங்கசப்பு. சமைத்தாலும் அது போகாது. கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்களுக்கு வயிற்று வலியும் வாந்தியும், சிலருக்கு இரத்த வாந்தியுங்கூட வந்திருக்கின்றன, உயிரிழந்தவர்களும் உண்டு. இதை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 2012-ல் வெளியான அதன் அறிக்கையும் இதையே சொல்லுகிறது: சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் எறிந்துவிடுங்கள், கசப்பான சாற்றைக் குடித்து உடம்புக்கு ஏதாவது செய்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கென்று தனியாக மாற்று மருந்து கிடையாது.

பாகற்காய்க்குக் கசப்பு இயற்கை; அதைப் பற்றிப் பயமில்லை. கசக்கக் கூடாத காய் கசந்தால்தான் ஆபத்து. வீட்டுத் தோட்டத்துக் காயாயிற்றே என்று கருணை காட்டாதீர்கள்.

"என்னைச் சாப்பிடு!" என்னும் பழம்

இரண்டாவது வகை பழங்கள். இங்கே செடியின் எண்ணம் தலைகீழ். விதை முற்றிய பிறகு யாராவது வந்து பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போட வேண்டும் என்று மரம் விரும்புகிறது. அதற்காகவே நிறத்தைக் காட்டுகிறது, மணத்தைப் பரப்புகிறது. அணிலுக்கும் கிளிக்கும் அந்த அழைப்பு நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதுதான் கஷ்டம்!

ஆனால் பழங்களிலும் இரண்டு கட்சி உண்டு. பறித்த பிறகும் பழுக்கக்கூடியவை ஒரு கட்சி: மா, வாழை, பலா, பப்பாளி, சப்போட்டா, சீதா, தக்காளி. மரத்தை விட்டு இறங்கிய பிறகு இனிப்பு ஏறாதவை மற்றொரு கட்சி: மாதுளை, திராட்சை, சாத்துக்குடி, எலுமிச்சை, அன்னாசி. முதல் கட்சியை நன்றாக முற்றியதும் காயாகப் பறித்து வீட்டில் பழுக்க வைக்கலாம். இரண்டாவது கட்சிக்குச் செடியிலேதான் பொறுமை வேண்டும்.

பழுக்கும் கனி எத்திலீன் என்ற ஒரு வாயுவை வெளியிடுகிறது. 1934-ல் ரிச்சர்ட் கேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பழுக்கும் ஆப்பிள்களிலிருந்து இந்த வாயு வருவதை நிரூபித்தார். அதுவே பக்கத்திலுள்ள காயையும் பழுக்கத் தூண்டுகிறது. நம் பாட்டிமார் மாங்காயை வைக்கோலிலும், வாழைத்தாரைப் புகை போட்ட அறையிலும், நாலு சப்போட்டாவை அரிசிப் பானையிலும் மூடி வைத்தார்களே, அதன் ரகசியம் இந்த வாயுதான். பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் கூடவே வைத்து மூடினால் காரியம் இன்னும் சீக்கிரம் நடக்கும். கால்சியம் கார்பைடுக் கல்லை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். அதை வைத்துப் பழுக்கச் செய்வது நம் நாட்டில் சட்டப்படி குற்றம், உடம்புக்கும் கேடு.

இனி ஒவ்வொன்றின் அடையாளத்தையும் பார்ப்போம்.

மா: காம்பைச் சுற்றித் தோள்பட்டை உப்பி மேலெழும்பினால் முற்றிவிட்டது. சந்தேகமிருந்தால் ஒன்றைப் பறித்துத் தண்ணீரில் போடுங்கள். முற்றின காய் அமிழும், இளங்காய் மிதக்கும். காம்பில் கொஞ்சம் விட்டே நறுக்கி, பிறகு தலைகீழாகப் பிடித்துப் பாலை வடிய விட வேண்டும். அந்தப் பால் தோலில் பட்டால் மாம்பழமும் கறுக்கும், நம் கையும் புண்ணாகும்.

வாழை: காயின் பட்டைக் கோணங்கள் மறைந்து உருண்டு திரள வேண்டும். நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூ, விரல் பட்டாலே உதிர வேண்டும். குலை தள்ளியதிலிருந்து இதற்கு மூன்று நாலு மாதம் ஆகும். குலையை வெட்டியதும் தாய் மரத்தின் வேலை முடிந்தது. பக்கத்திலுள்ள கன்றுக்கு வழி விடுங்கள்.

பப்பாளி: பச்சைத் தோலில் மஞ்சள் கீற்று ஒன்று தெரிந்தால் போதும், பறித்துவிடலாம். தோலைக் கீறினால் வரும் பால், கெட்டியாக இல்லாமல் தண்ணீர் போல இருப்பதும் ஓர் அடையாளம்.

பலா: அத்தைக்குப் பிடித்த பரீட்சை இது. விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். இளங்காய் கல்லைத் தட்டினாற்போல் ஒலிக்கும். முற்றினது 'தொம்'மென்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும். முட்களும் ஒன்றையொன்று விட்டு விலகியிருக்கும். காம்பிலுள்ள கடைசி இலை மஞ்சளாகியிருக்கும்.

சப்போட்டா: தோலின் மேலிருக்கும் பழுப்புத் தூள் கை பட்டதும் உதிர வேண்டும். நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியக் கூடாது. மஞ்சளாக இருக்க வேண்டும்.

மாதுளை: தட்டினால் உலோகத்தைத் தட்டினாற்போல் ஒலிக்கும். உருண்டையாயிருந்த காய் பக்கங்களில் சற்றுச் சப்பையாகிவிடும்.

தக்காளி: வெயில் காலத்துக்கு ஒரு குறிப்பு. சூடு 30 டிகிரியைத் தாண்டினால், தக்காளிக்குச் சிவப்பைக் கொடுக்கும் லைக்கோபீன் சரியாக உண்டாவதில்லை. மாடியில் பழம் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்பது அதனால்தான். அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்புக் கோடு கண்டதுமே பறித்து, வீட்டுக்குள் குளுமையான நிழலில் வைத்துவிடுங்கள். தானே சிவக்கும். குளிர்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். பழுப்பது தடைப்பட்டு மணமும் குறைந்துவிடும்.

மண்ணுக்குள் ஒரு பெட்டி

மூன்றாவது வகை மண்ணுக்கடியில் இருக்கிறது. மஞ்சள், இஞ்சி, சேனை இவையெல்லாம் அடுத்த மழைக்காலத்துக்காக மண்ணுக்குள் மூட்டை கட்டி வைத்துக்கொள்ளும் செடிகள். மூட்டை கட்டி முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? மேலே பாருங்கள். இலை மஞ்சளாகி, காய்ந்து, தண்டு சாய்ந்தால், கொடுக்க வேண்டியதையெல்லாம் கிழங்குக்குக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

பொங்கல் பானையில் கட்டுகிற மஞ்சள் கொத்தைப் பாருங்கள். இலை பச்சைப் பசேலென்று இருக்கும். அது மங்கலத்துக்கு, கிழங்கு இன்னும் முழுக்க முற்றியிராது. சமையலுக்குப் பொடியாக்க வேண்டுமானால் மாசி, பங்குனி வரை பொறுத்து, இலை காய்ந்த பிறகு தோண்ட வேண்டும். ஒரே செடிதான், நாம் அதனிடம் கேட்பது எது என்பதைப் பொறுத்துப் பறிக்கும் வேளையும் மாறுகிறது. இஞ்சியும் அப்படியே. ஊறுகாய்க்கும் பச்சடிக்கும் ஆறு மாதத்து இளசு போதும். சுக்குக்கு எட்டு மாதமாவது காத்திருக்க வேண்டும்.

தொட்டியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் கிழங்கின் மேல் வெளிச்சம் படாமல் மண்ணை அணைத்து வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனைன் என்ற நஞ்சு சேருகிறது. அதைச் சமையலில் சேர்க்காதீர்கள்.

பூவை மறந்துவிட்டேனே! குண்டு மல்லிகையை விடியற்காலையில், அரும்பு முழுதும் திரண்டு வெளுத்து, ஆனால் இதழ் பிரியாமல் இருக்கும்போது பறிக்க வேண்டும். அது மாலையில் உங்கள் கூந்தலில் மலரும். பச்சை நிறம் மாறுமுன் அவசரப்பட்டுக் கிள்ளினால் மலரவும் மலராது, மணக்கவும் மணக்காது. பொதுவாகக் கீரையோ காயோ பூவோ, வெயில் ஏறுவதற்கு முன்னால் பறிப்பதே நல்லது. இரவுக் குளுமையில் செடி தண்ணீரை நிறைத்து வைத்திருக்கும். பறித்தது சீக்கிரம் வாடாது.

சிவப்புத் துணி

எல்லாவற்றையும் பறித்துவிடக் கூடாது என்பது அத்தையின் கடைசிப் பாடம்.

சென்ற கோடையில், அந்த இரண்டுங்கெட்டான் காய்க்குப் பிறகு செடி மறுபடி தழைத்துக் காய்த்தது. அத்தை எல்லாக் காய்களையும் தடவிப் பார்த்து, நேராக நீண்டு திரண்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "பழைய புடவைக் கிழிசல் ஏதாவது கொண்டு வா" என்றாள். ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்தேன். காம்பில் முடிச்சுப் போட்டாள். "இதை யாரும் தொடக் கூடாது. விதைக்கு!" என்றாள். ஒட்டு ரக விதையாயிருந்தால் மறு வருஷம் அதே குணம் வராது. இதுவோ அவள் ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த நாட்டு விதை.

அந்தக் காய் செடியிலேயே முற்றி, பழுப்பேறி, வரி வரியாக வெடிக்கத் தொடங்கிற்று. பறித்து நிழலில் காயவைத்து, விதையைச் சாம்பலில் புரட்டிச் சீசாவில் போட்டு வைத்தோம். கத்தரியாயிருந்தால் மஞ்சளாகப் பழுக்கவிட்டு, தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை எடுக்க வேண்டும் என்று அதற்கும் வழி சொன்னாள். பிறகு ஊருக்குப் போய்விட்டாள்.

இந்தத் தை மாதம் அந்த விதையைத் தொட்டியில் போட்டேன். பங்குனியில் முதல் பூ. கண் டாக்டரைப் பார்ப்பதற்காக அத்தையும் அந்தச் சமயம் வந்திருந்தாள். பார்வை இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கிறதாம். ஆறாம் நாள் காலையில் வெயில் வருவதற்கு முன் மாடிக்குப் போனேன். காய் என் விரலைவிடச் சற்றே நீளம். மனசு, "இன்னும் ஒரு நாள்" என்றது. மனசை அடக்கிக்கொண்டு பறித்துவந்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. விரலால் ஒரு தடவை தடவினாள். நுனியை வளைத்தாள்.

'டக்!'

ஒடிந்த நுனியை வாயில் போட்டு மென்றாள். "மற்றதையும் பறித்துக்கொண்டு வா. வாணலியைப் போடு" என்றாள்.